அம்மாவின் குளத்துக்கு எந்தப் பனை

அன்புள்ள சிட்டுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அத்தையும் குளத்து மீன்களும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன் என்பதுதான் அடுத்த வரி, அதை எழுதத் தெரியும், ஆனால் எழுத வரவில்லை, ஏனென்றால் நீ அப்படி இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன் அறைத்தோழி போன் செய்தாள். அவள் மேல் கோபப்படாதே, பயந்துபோய்த்தான் சொன்னாள். அங்கிள், அவ கிளாஸுக்கே போறதில்ல, ஜன்னல் திரையத் தொறக்க விடமாட்டேங்கறா, ரொட்டிய ஒரு கடி கடிச்சிட்டு அப்படியே வச்சிடறா, என்னடின்னு கேட்டா எங்கம்மாவ நான்தான் கொன்னேன்னு சொல்றா அங்கிள் என்றாள். நான் அப்போது ஒரு உயரமான கட்டடத்தின் உச்சியில் லிஃப்ட் மோட்டார் அறையில் இருந்தேன். சரிம்மா நான் பாத்துக்கறேன், நீ சாப்டியா என்று அவளைக் கேட்டேன். கேட்கிற கேள்வியைப் பார். போனை வைத்துவிட்டு மோட்டார் மூடியின் போல்ட்டை இறுக்கினேன், இறுக்கினதையே மறுபடி இறுக்கினேன், கீழேயிருந்து வாட்ச்மேன், சார் லிஃப்ட் இன்னிக்கு வருமா வராதா என்று கத்தின பிறகுதான் நான் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருப்பதே உறைத்தது. அதற்குள் சூப்பர்வைசர் வேறு கூப்பிட்டுவிட்டார். கொஞ்ச நாளைக்கு நீ ஷாஃப்ட்டுக்குள்ள இறங்க வேண்டாம்ப்பா, ஆபீஸ்ல உக்காந்து டிராயிங் பாரு, சேஃப்டி பெல்ட் மாட்டாம எட்டிப் பாத்தியாமே என்றார். நான் வேண்டுமென்று செய்யவில்லை சிட்டு, மறந்துபோனேன். பெல்ட் மாட்டுவது எனக்குப் பல் தேய்ப்பது மாதிரி, அதையே மறந்துபோனேன். உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உனக்கு மட்டும்தான் இப்படி என்று நீ நினைத்துவிடக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

நீ போனை எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் பார்த்ததாகக்கூடக் காட்டுவதில்லை. கிளம்பி வருகிறேன் என்றதற்கு, வராதீங்கப்பா, வந்தா நான் இங்க இருக்கமாட்டேன், எங்கயாவது போயிடுவேன் என்று சொன்னாய். அந்த வார்த்தைக்குப் பயந்துதான் டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். எடுத்தாலும் குற்றம் எடுக்காவிட்டாலும் குற்றம், இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுண்டு, அது இப்படித்தான் இருக்கும் போல. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். உன் தோழி இதை உன் கையில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். கிழிப்பதாக இருந்தாலும் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி, அவ்வளவுதான் கேட்கிறேன். கடைசியாகப் பேசியபோது நீ சொன்னது எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. நான்தானேப்பா கன்னு வைக்க விடல, வச்சிருந்தா அம்மாவுக்கு நிழல் இருந்திருக்கும், நிழல் இருந்திருந்தா அம்மா விழுந்திருக்கமாட்டாங்க என்றாய். டாக்டர் சொன்னதை நான் சொன்னேன், இதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பு, சமையலறையில் நின்றிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று. என்னை சமாதானப்படுத்தத்தான் சொல்றீங்க என்று போனை வைத்துவிட்டாய். அதற்கப்புறம் உன் குரலை நான் கேட்கவில்லை.

உனக்கு வாய் வார்த்தை போதாது. எனக்கும் போதாதுதான், நீ என் பிள்ளைதானே. ஒரு லிஃப்ட் நின்றுபோனால் ஏன் நின்றது என்று நான் ஊகித்துச் சொல்வதில்லை, கயிறு, பிரேக், கதவு ஸ்விட்ச் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் சொல்வேன். இதையும் அப்படியே பார்த்தேன். என்னால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை சிட்டு, சோறு போட்டுச் சாப்பிடக்கூட ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது, ஆனால் இதை மட்டும் செய்ய முடிந்தது. முதலில் நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன், உன் மனதில் இருக்கிற கணக்கும் என் கணக்கும் ஒரே இடத்திலிருந்து தொடங்க வேண்டும். பின்பக்கத்து வெறும் நிலத்தில் அம்மா ஆசைப்பட்டுக் குளம் வெட்டினாள். குளம் என்றால் நம் அறை அளவுதான், அடியில் கறுப்பு ஷீட் விரித்து, அல்லி போட்டு, மீன் விட்டது. காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில் கொட்டுகிற இடம். சுற்றிலும் பனை ஜாதி மரம் ஏதாவது வைக்க வேண்டும் என்றாள், இலை உதிர்ந்து தண்ணீரைக் குப்பை பண்ணாது, வேர் பருத்து ஷீட்டைக் கிழிக்காது என்று யாரோ சொன்னார்களாம். எந்தப் பனை என்பதில்தான் நம் வீட்டுச் சட்டம் குறுக்கே வந்தது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஜன்னல் திரைக்கு நிறம் தேர்ந்தெடுக்கையில் போட்ட சட்டம் அது, புதிதாக எது வீட்டுக்கு வந்தாலும் மூன்று துணி கிளிப்பும் ஒரே கம்பியில் ஏற வேண்டும், அம்மாவுக்குச் சிவப்பு, எனக்கு நீலம், உனக்கு மஞ்சள். அம்மா நர்சரியிலிருந்து வகைக்கு ஒரு இலை வாங்கி வந்து சமையலறை ஜன்னல் கம்பிகளில் வரிசையாகக் கட்டினாள். தண்டு சிவப்பாக இருக்குமே, அந்த மெல்லிசான பனை இலையில் சிவப்புக் கிளிப்பை மாட்டினாள். நான் கமுகில் மாட்டினேன். நீ காலேஜிலிருந்து போனிலேயே உத்தரவு போட்டு, மட்டை புசுபுசுவென்று இருக்குமே, அந்த நரிவால் பனையில் மஞ்சளை மாட்ட வைத்தாய். மூணு பேர் இருக்கற வீட்டுல மூணு கட்சி, இதுல கூட்டணிகூட கிடையாது என்று அம்மா சிரித்தாள். என்னைத் தனியாக வேறு குத்தினாள், உங்களுக்கு எல்லாம் தூக்குக்குண்டு விட்ட மாதிரி நேரா நிக்கணும், மேல கீழ போறது தவிர உலகத்துல ஒண்ணும் தெரியாது என்று. அப்புறம் நீதான், என் கிளிப்பக் கழட்டி வைங்கம்மா, லீவுக்கு நான் வந்து பாத்துட்டு மாட்டறேன், அதுவரைக்கும் எதையும் நடாதீங்க என்றாய். சரி மகாராணி என்றாள். அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், நான் பக்கத்தில் இருந்தேன், இதை எழுதி வைத்துக்கொள். அந்த லீவு வருவதற்கு முன்னால் ஒரு மத்தியான வெயிலில் குளத்தோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவள் சரிந்துவிட்டாள். இதுதான் நடந்தது. இதில் நீ கொன்றது எங்கே இருக்கிறது என்று தேடினேன்.

முதலில் நர்சரிக்குப் போனேன். அத்தையும் கூட வந்தாள், என்னைத் தனியாக எங்கும் விடுவதில்லை இப்போது. குளம் வெட்டின அன்றைக்கே கன்று வைத்திருந்தால் அம்மா போன நாளைக்கு எது எவ்வளவு உயரம் வந்திருக்கும், எவ்வளவு அகலம் விரிந்திருக்கும், இதுதான் என் கேள்வி. நர்சரி அக்கா இதற்குப் பதில் சொல்கிற ஆள் இல்லை, விற்கிற ஆள். எதைக் காட்டினாலும், சார் இது சூப்பரா வரும் சார் என்பாள். அக்கா, எப்ப வரும், அத சொல்லுங்க என்று நான் விடாமல் கேட்டதில் அவளுக்கே சலித்துப்போய் உண்மையைச் சொல்ல ஆரம்பித்தாள். நாட்டுப் பனையைக் காட்டியபோது அத்தை முந்திக்கொண்டு, தென்னைய வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனைய வச்சவன் பாத்துட்டுச் சாவான் என்று எடுத்துவிட்டாள், சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி ஒரு செடியைத் தடவிக்கொண்டிருந்தாள். சரியாகத்தான் சொன்னாள். பனை அத்தனை நாளில் தரையை விட்டே எழுந்திருக்காது. தென்னை ஆள் உயரத்துக்கு மேலே கொஞ்சம் மட்டை விரித்திருக்கும். ஈச்சையில் முள், காய்ந்த மட்டை விழுந்தால் ஷீட் பொத்தல், அது கிடையாது. ராயல் பாம் என்று சொல்கிறார்களே, அது தண்ணீர்ப் பக்கம் நன்றாக வருமாம், ஆனால் வளர்ந்த பின் ஒரு மட்டை விழுந்தால் மனிதன் மேல் மூட்டை விழுந்த மாதிரி. கூந்தற்பனை அழகாக இருந்தது. காய் பட்டால் அரிக்கும் என்றாள், அது போகட்டும், மேலேயிருந்து கீழே வரைக்கும் குலை குலையாப் பூக்கும் சார், பூத்து முடிச்சதும் மரம் செத்துரும் என்றாள். வேண்டாம் என்றேன். ஏன்டா, அதுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கே என்றாள் அத்தை. வேண்டாம்க்கா என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. உன் நரிவாலுக்கு வெயில் பிடிக்கும், ஆனால் ஈரத்திலேயே நின்றால் வேர் அழுகும், குளத்தை விட்டுத் தள்ளித்தான் வைக்க வேண்டும், மதில் ஓரமாக. அங்கே வைத்தால் அதன் நிழல் அடுத்த வீட்டுக்காரருக்குத்தான். சரி என்னுடைய கமுகு என்று கேட்டேன். அக்கா சிரித்துவிட்டாள். சார், கமுகுக் கன்னு வெயில் தாங்காது, அதுக்கே மொதல்ல ஒருத்தர் நிழல் தரணும், அது எங்க உங்களுக்குத் தரப்போவுது என்றாள். வீடே எதிர்த்தும் நான் பிடிவாதமாகக் கிளிப் மாட்டி வைத்திருந்த மரம் இது. அம்மா இருந்திருந்தால் இதைச் சொல்லிக்காட்டியே என்னை ஒரு வழி பண்ணியிருப்பாள்.

காதால் கேட்டது மட்டும் உனக்குப் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்று பிளாஸ்டிக் பைப் வாங்கி ஒவ்வொரு மரத்தின் உயரத்துக்கும் அறுத்தேன், உச்சியில் கம்பி வளையம் கட்டி, பச்சை வலைத்துணியை மட்டை மாதிரி வெட்டித் தொங்கவிட்டேன். பொய் மரங்கள். அத்தை வந்து பார்த்துவிட்டு, என்னடா இது, குடை ரிப்பேர் கடை வச்சிருக்கியா என்றாள். ஆனால் உடனே நட்டுப் பார்க்க முடியாது, சூரியன் இடம் மாறியிருந்தது. உனக்கும் படித்தது நினைவிருக்கும், சூரியன் ஒரு பக்கம் போய்த் திரும்பி வருவதால் ஒரே பாதையில் வருஷத்துக்கு இரண்டு தடவை வரும். அம்மா விழுந்த அன்றைக்கு வானத்தில் எந்த வழியாகப் போனதோ அதே வழியாக மறுபடி ஒரு நாள் வரும். அந்த நாளைக் கணக்குப் போட்டு எடுத்து, அது வருகிற வரைக்கும் காத்திருந்தேன். காத்திருந்தபோது உன் தோழி இன்னொரு முறை போன் செய்தாள். நீ பேசுவதையே குறைத்துவிட்டாய் என்றாள். சீக்கிரம் வரச் சொல்லிச் சூரியனை நான் எப்படித் தள்ளுவது? அந்த நாள் வந்ததும் லீவு சொல்லிவிட்டு, அம்மா குழி எடுப்பதற்கு அடையாளமாகக் கவிழ்த்து வைத்திருந்த மண்தொட்டிகளை நகர்த்தி, அந்தந்த இடத்திலேயே பைப்பை நிறுத்தினேன். அவளுடைய நீல ஸ்டூலை அவள் இருந்த இடத்தில் போட்டேன். அவள் விழுந்த நேரம் நெருங்கும்போது மேகம் மூடிக்கொண்டது. இன்றைக்கு விட்டால் அடுத்த வருஷம், நீ அடுத்த வருஷம் வரைக்கும் தாங்கமாட்டாய் என்று தெரியும். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கிறேன், அத்தை பின்கதவில் நின்று வானத்தைப் பார்த்து, யோவ், தினமும் வந்து வறுத்தெடுப்பியே, ஒரு நாள் கூப்பிட்டா பெரிய மனுஷன் மாதிரி ஒளிஞ்சிக்கிறியே என்று திட்டுகிறாள். திட்டினதால் வந்ததோ என்னவோ, சரியாக வந்தது.

நிழல் விழுந்தது சிட்டு. எல்லாப் பொய் மரத்துக்கும் நிழல் விழுந்தது, எல்லாம் மதில் பக்கமாக விழுந்தது. அந்த நேரத்தில் சூரியன் வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கும், நிழல் எதிர்ப்பக்கம்தான் போகும். ஸ்டூல் மேல் எதுவும் விழவில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர, பின்கதவுப் பக்கத்துக் கரையில் தொட்டி இருந்த இடத்தில் தென்னை உயரத்துக்கு நிறுத்திய பைப்பின் நிழல் ஸ்டூலின் ஒரு காலைத் தொட்டது. இதை உன்னிடம் மறைத்தால் மற்றதை நீ நம்பமாட்டாய், அதனால் எழுதுகிறேன். கால் நிழல்ல இருந்தா உசுரு நின்னுடுமாடா என்றாள் அத்தை. அப்புறம் தொட்டிகள் இருந்த இடங்களைப் பார்த்தேன். ஒன்றுகூடத் தண்ணீருக்கு வெயிலை மறைக்கிற இடத்தில் இல்லை. அல்லிக்கு வெயில் வேண்டும், வெயில் குறைந்தால் மொட்டு விடாது. அவள் நிழலுக்காக மரம் கேட்கவே இல்லை சிட்டு, நாம்தான் அப்படி நினைத்துக்கொண்டோம். சுற்றிலும் மரம் நிற்க வேண்டும், நடுவில் தண்ணீர் வெயிலில் கிடக்க வேண்டும், அதுதான் அவள் கேட்டது. ஆனாலும் நீ விடமாட்டாய். வேறு இடத்தில் வைத்திருந்தால் என்று கேட்பாய், நானே கேட்டுக்கொண்டேன். அதனால் இருப்பதிலேயே பெரிய வளையம் கட்டின பைப்பைப் பிடுங்கி ஸ்டூலுக்குப் பின்னால் நிறுத்தினேன், ஸ்டூலையும் பின்னுக்கு இழுத்து முழு நிழலுக்குள் வைத்தேன். இந்த முறை நிழல் ஸ்டூல் மேல் விழும் என்று எனக்குத் தெரியும். விழுந்தது.

அத்தைக்கு முட்டி வலி, நின்று நின்று முடியாமல் வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். நல்ல நிழல். அப்பாடா என்றாள். கொஞ்ச நேரம் குளத்தையே எட்டி எட்டிப் பார்த்தாள். அப்புறம் எழுந்து, இங்கேருந்து பூவே தெரியலியேடா என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலைத் தரதரவென்று இழுத்து வெயிலில் கரையோரம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அம்மா உட்கார்ந்த அதே இடத்தில். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்போதுதான் தரையைப் பார்த்தேன். பின்கதவு ஓரத்திலிருந்து குளக்கரை வரைக்கும் மண்ணில் ஸ்டூல் கால் இழுத்த கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, இறுகிப்போய் இன்னும் இருக்கின்றன, நான் தினமும் மிதித்துக்கொண்டு போகிற கோடுகள். பின்கதவு ஓரத்தில் அந்த நேரத்தில் வீட்டுச் சுவரின் நிழல் பாய் விரித்துப் படுக்கிற அளவுக்கு இருக்கிறது. எப்போதுமே இருந்திருக்கிறது. உன் அம்மாவுக்கு நிழல் இருந்தது சிட்டு. தினமும் அந்த நிழலிலிருந்து ஸ்டூலை இழுத்துக்கொண்டு போய்ப் பூ தெரிகிற இடத்தில் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நீ காடு மாதிரி மரம் வைத்திருந்தாலும் அவள் வெளியே இழுத்துப் போட்டிருப்பாள். அவள் பிடிவாதம் உனக்குத் தெரியாதா, உனக்கு அது எங்கேயிருந்து வந்தது? அவள் போனதிலிருந்து எனக்கு அழுகை வரவே இல்லை, பார்க்க வந்தவர்களெல்லாம் கல் மாதிரி நிக்கறான் பாரு என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அந்தக் கோட்டின் மேல் உட்கார்ந்து அழுதேன். அத்தை பாவம், என்னடா, நிழல் விழலன்னு அழறியா விழுதுன்னு அழறியா, ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலையேன் என்று என் தலையைப் பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள்.

மரம் எது என்று நான் முடிவு செய்துவிட்டேன், அதாவது என் பங்கை. நீலக் கிளிப்பைக் கமுகிலிருந்து எடுத்துச் சிவப்புத் தண்டுப் பனைக்கு மாற்றிவிட்டேன். அந்த இலை காய்ந்து சுருண்டுவிட்டது, சிவப்புக் கிளிப் அப்படியே இருக்கிறது, அதன் பக்கத்தில் என்னுடையது. கல்யாணம் ஆன நாளிலிருந்து உங்கப்பா ஒரு தடவையாவது என் கட்சிக்கு வந்ததுண்டா என்பாளே, வந்துவிட்டேன், அவள்தான் பார்க்கவில்லை. அவள் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். அந்தப் பனை காலை ஈரத்தில் வைத்துக்கொண்டே நிற்குமாம், குளத்தங்கரைச் சேறுதான் அதற்குச் சுகம். ஒல்லி ஒல்லியாகக் கூட்டமாக எழுந்து நிற்கும், தண்ணீரை மூடாது, சிவப்புத் தண்டு தண்ணீரில் தெரியும். ஒரே குறை, சின்னதில் வெயில் காய்ச்சினால் இலை கருகும், முதல் வருஷம் மேலே வலை கட்ட வேண்டும். வலை நம்மிடம்தான் இருக்கிறதே, நிழல் பார்க்கச் செய்த அந்தப் பொய் மரங்களை அப்படியே கன்றுகளுக்கு மேலே நிறுத்திவிடப்போகிறேன். கன்றுகளை வாங்கியாகிவிட்டது. நடவில்லை. பையோடு தண்ணீர்த் தொட்டியில் நிற்கின்றன. இரண்டு கிளிப்புக்கு நடுவது சட்டத்தில் இல்லை. சார், பையில ரொம்ப நாள் வைக்காதீங்க, வேர் சுருண்டுக்கிட்டா அப்புறம் மண்ணுல வச்சாலும் பிடிக்காது என்று அக்கா போன் செய்து சொல்லிக்கொண்டே இருக்கிறாள். என் பொண்ணு வரணும் என்கிறேன். எப்ப வருவாங்க சார் என்கிறாள். நான் என்ன சொல்லட்டும்?

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. அத்தை சமையலறையை மாற்றி அடுக்கிவிட்டாள், உப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மிக்ஸியைக் கழற்றிச் சரி செய்தேன், சத்தம் போய்விட்டது, அத்தைக்கு இப்போது சத்தம் இல்லாமல் அது ஓடுகிறதா என்றே சந்தேகம். மீன்கொத்தி ஒன்று வந்து மீனைக் கொத்தப் பார்க்கிறது, அதனோடு அவள் போடும் சண்டை தெருவுக்கே கேட்கிறது. அம்மாவின் போனை இன்னும் சார்ஜ் போட்டுத்தான் வைத்திருக்கிறேன், அதில் உன் பெயர் மேலே இருக்கிறது. நீ ஜன்னல் திரையைத் திற, முழுதாக வேண்டாம், ஒரு கை அளவு. ரொட்டியை ஒரு கடிக்கு இரண்டு கடியாகக் கடி. குளிர் காலம் வருகிறதென்றால் காதை மூடிக்கொள். காலேஜ் போனால் போ, போகாவிட்டால் இந்த வருஷம் போகட்டும், படிப்பு ஓடிப்போய்விடாது. நான் வரட்டுமா என்று மறுபடி கேட்கிறேன், வேண்டாம் என்றால் வரமாட்டேன், ஆனால் நீ எங்கேயும் போய்விடாதே. நர்சரியில் ஒரு கன்றின் நடுவில் சுருண்டிருந்த இலையை நான் சும்மா விரலால் தொட்டேன், அந்த அக்கா பதறிப்போய், சார் சார் குருத்துல கை வைக்காதீங்க, மத்த மரம்னா வெட்டினா பக்கத்துல துளிர்க்கும், இதுக்கு ஒத்தத் தண்டுக்கு ஒரே குருத்துதான், அது போச்சுன்னா அந்தத் தண்டு நிக்கும் ஆனா செத்துதான் நிக்கும் என்றாள். நான் கையை எடுத்துக்கொண்டேன். சிட்டு, எனக்கு இதைவிட விளக்கமாகச் சொல்லத் தெரியாது. வேலைக்குப் போகிறேன், பெல்ட் மாட்டுகிறேன், அத்தை போடுவதைச் சாப்பிடுகிறேன், நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.

நீ நூறு வயசு இருக்க வேண்டும், என்னைவிடக் கூட, உன் அம்மா இருக்காமல் போன வருஷங்களையும் சேர்த்து இருக்க வேண்டும். அத்தையும் உன் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் சொன்னதாக எழுதச் சொன்னாள், கூடவே, அந்தக் கழுதைய ஒரு வாய் ஒழுங்காத் தின்னச் சொல்லு என்றும் எழுதச் சொன்னாள். இந்தக் கவருக்குள் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும், தவறிக் கீழே போட்டுவிடாதே, உன் மஞ்சள் கிளிப். அதை எந்த மரத்தில் வேண்டுமானாலும் மாட்டு, நரிவாலில் மாட்டினால் அதற்கும் மதில் ஓரம் குழி எடுத்துத் தருகிறேன். ஆனால் தபாலில் திருப்பி அனுப்பாதே, யாரிடமும் கொடுத்துவிடாதே. அது நீ வந்து மாட்ட வேண்டியது. வருகிறாயா இல்லையா என்று இப்போதே சொல்ல வேண்டாம், கிளிப் கையில் கிடைத்தது என்று மட்டும் ஒரு தடவை போன் பண்ணு, நான் ஒன்றும் கேட்கமாட்டேன், கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து படுத்துக்கொள்வேன்.

உன் ஓட்டுக்காகக் குழி வெட்டிவைத்துக் காத்திருக்கும்,
அப்பா